விண்டோஸில் மெனுவுக்குள் தேடாமல் கட்டளையைத் தட்டிக் கருவிகளைத் திறப்பதால் உண்மையில் நன்மை இருக்கிறதா? எங்கே தொடங்கலாம்?

இருக்கிறது. வேகம்தான் பெரிய நன்மை என்று பலர் சொல்வார்கள். எனக்கு அது இரண்டாவது. மெனு எந்த மொழியில் இருந்தாலும், எந்த விண்டோஸாக இருந்தாலும், கட்டளையின் பெயர் மாறுவதில்லை என்பதுதான் எனக்கு முதலாவது.

நான் கல்முனையில் கொம்பியூட்டர் திருத்துகிறவன். அம்பாறை டவுன் பக்கமிருந்து வரும் மெஷின்களில் சில நேரம் மெனு முழுக்கச் சிங்களத்தில் இருக்கும். யாராவது ஆசையாகத் தமிழ் போட்டிருப்பார்கள். மிச்சமெல்லாம் ஆங்கிலம். போதாததற்கு, 2012இல் வந்த விண்டோஸ் 8இல் ஸ்டார்ட் பட்டனையே தூக்கினார்கள், 2021இல் வந்த 11இல் அதை நடுவில் கொண்டுபோய் வைத்தார்கள். கொன்ட்ரோல் பனலில் இருந்தவை ஒவ்வொன்றாகச் செட்டிங்ஸுக்குக் குடிபெயர்ந்துகொண்டிருக்கின்றன. ஆனால் விண்டோஸ் கீயை அழுத்திக்கொண்டு ஆர் எழுத்தைத் தட்டினால் கட்டளையைத் தட்டுவதற்கான அந்தச் சின்ன ரன் பெட்டி எல்லாவற்றிலும் வந்துவிடுகிறது.

காரணம் எளிது. நீங்கள் அதில் தட்டுவது மெனுவில் எழுதியிருக்கும் பெயரை அல்ல, வட்டில் இருக்கும் கோப்பின் பெயரை. மெனு எழுத்தை மொழிபெயர்ப்பார்கள், கோப்பின் பெயரை மொழிபெயர்ப்பதில்லை. பெரும்பாலான கருவிகள் விண்டோஸ் கோப்புறைக்குள் சிஸ்டம் 32 என்ற இடத்தில் கிடக்கின்றன. பெயரைச் சொன்னதும் விண்டோஸ் அங்கே போய் எடுத்துக்கொண்டு வருகிறது. சி, பி, எல் என்று முடிபவை கொன்ட்ரோல் பனலின் துண்டுகள். எம், எஸ், சி என்று முடிபவை நிர்வாகக் கருவிகள்.

இதன் அருமை போனில் உதவி செய்யும்போதுதான் முழுதாகத் தெரியும். திருக்கோவிலில் இருந்து ஒரு டீச்சர் எடுத்து, "தம்பி, வைஃபை வேலை செய்யுதில்ல" என்கிறார். கீழே வலப்பக்கம் பாருங்கள், அதில் ஒரு படம் இருக்கும், அதை வலப்பக்க பட்டனால் அழுத்துங்கள் என்று தொடங்கினால் இரண்டு பேருக்கும் பொறுமை போய்விடும். அவருடைய திரையில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, நான் சொல்லும் பெயர் அங்கே இருக்கிறதா என்று அவருக்கும் தெரியாது. அதனால் நான் இப்படித்தான் சொல்வேன்: "டீச்சர், விண்டோஸ் கீய அமத்திக்கொண்டு ஆர் தட்டுங்க. பெட்டி வந்திச்சா? அதில என், சி, பி, ஏ, புள்ளி, சி, பி, எல். இப்ப என்டர்." நெட்வேர்க் இணைப்புகள் வரிசையாக வந்துவிடும். வைஃபை படத்தை முடக்கி மறுபடி இயக்கினால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். சம்மாந்துறையில் கடை வைத்திருக்கும் காக்கா ஒருவர் ஒரு முறை கேட்டதையே கடதாசியில் எழுதி மொனிட்டரின் ஓரத்தில் ஒட்டிவைத்திருக்கிறார். இப்போது எனக்குப் போன் எடுப்பதே குறைவு. எனக்கு அதில் சந்தோஷம்தான்.

ஒரு விஷயம் கவனியுங்கள். தமிழ் யூனிகோட் விசைப்பலகை இயங்கிக்கொண்டிருந்தால் ரன் பெட்டியிலும் தமிழ் எழுத்துத்தான் விழும், கட்டளை ஓடாது. விண்டோஸ் கீயையும் ஸ்பேஸையும் சேர்த்துத் தட்டி ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டுத் தட்டுங்கள். பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்பது பொருட்டில்லை. நான் இங்கே உச்சரிப்பில் எழுதுவதையெல்லாம் ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும்.

எங்கே தொடங்குவது என்றால், உங்களுக்கு அடிக்கடி தேவைப்படுவதில் தொடங்குங்கள். நீளமான பட்டியலை மனனம் செய்ய வேண்டாம், இரண்டு நாளில் மறந்துபோகும். பிரின்டர் வைத்திருப்பவருக்கு "சேர்விசஸ்" புள்ளி எம், எஸ், சி போதும். வரும் பட்டியலில், அச்சிட வேண்டியவற்றை வரிசையில் வைத்து அனுப்பும் பிரின்ட் ஸ்பூலரைத் தேடி மீளத் தொடக்கினால் வரிசையில் சிக்கிய தாள்கள் பல நேரம் நகரத் தொடங்கும். தவணைப் பரீட்சைக் காலத்தில் இது எத்தனை ஆசிரியர்களைக் காப்பாற்றியிருக்கிறது! தேவையில்லாத மென்பொருளை நீக்க "ஆப்விஸ்" புள்ளி சி, பி, எல், அதாவது ஏ, பி, பி, டபிள்யூ, ஐ, இசட். செகண்ட் ஹேண்ட் லப்டொப் வாங்கப் போகிறவர் டி, எக்ஸ், டி, ஐ, ஏ, ஜி என்று தட்டிப் பார்க்கட்டும். மொடல், புரொசசர், ராம் எல்லாம் ஒரே பக்கத்தில் வந்துவிடும், விற்பவரின் வாய்ச் சொல்லை நம்ப வேண்டியதில்லை. அதோடு "வின்வெர்", அதாவது டபிள்யூ, ஐ, என், வி, ஈ, ஆர் தட்டினால் எந்த விண்டோஸ் என்று தெரியும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டதால் விலை பேசும்போது இது முக்கியம்.

எல்லாக் கட்டளையும் ரன் பெட்டிக்குச் சரிவராது. நெட்வேர்க் முகவரியைக் காட்டும், ஐ, பி என்று தொடங்கும் "ஐபிகொன்ஃபிக்" போன்றவற்றை நேரடியாகத் தட்டினால் கறுப்புச் சாளரம் ஒன்று மின்னி மறைந்துவிடும். முதலில் சி, எம், டி தட்டி, வரும் கறுப்புத் திரைக்குள் அதைத் தட்டுங்கள். அதேபோல கொம்பியூட்டரின் கட்டுப்பாடுகளை அமைக்கும், ஜி, பி என்று தொடங்கும் குரூப் பொலிசிக் கருவியை விண்டோஸ் ஹோம் பதிப்பில் தேடி மெனக்கெட வேண்டாம், அது அந்தப் பதிப்பில் தரப்படுவதில்லை.

அப்புறம், நான் மிகவும் கவலைப்படும் விஷயம். "நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபியுங்கள்" என்று காட்டி, விண்டோஸ் கீயும் ஆரும் தட்டச் சொல்லி, கொன்ட்ரோல் கீயும் வி எழுத்தும் தட்டி ஒட்டிவிட்டு என்டர் அடிக்கச் சொல்லும் இணையப் பக்கங்கள் வருகின்றன. அந்தப் பக்கம் ஒரு கட்டளையை உங்களுக்குத் தெரியாமலே கொப்பி செய்து வைத்திருக்கும். நீங்களே உங்கள் கையால் அதை ஓட்டுகிறீர்கள், கடவுச்சொல் திருடும் நிரல் உள்ளே வந்துவிடுகிறது. உண்மையான எந்தச் சோதனையும் ரன் பெட்டியைத் திறக்கச் சொல்லாது. அதில் நீங்கள் அறிந்த பெயரை நீங்களே எழுத்தெழுத்தாகத் தட்டுங்கள், ஒட்டாதீர்கள். ஏற்கெனவே ஒட்டி என்டர் அடித்துவிட்டீர்கள் என்றால் உடனே இன்டர்நெட்டைத் துண்டியுங்கள். வேறொரு போனிலோ கொம்பியூட்டரிலோ இருந்து முதலில் மின்னஞ்சல் கடவுச்சொல்லை, பிறகு வங்கிக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். மெஷினைச் சுத்தம் செய்கிற வேலை அதற்குப் பிறகு.