மகள் ஆயிரம் பொன், மகன் நாய்

கேள்வி: சீனக் கிராமம் ஒன்றிலிருந்து சிங்கப்பூருக்கு வந்து என்னோடு வேலை பார்க்கும் தோழிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. 'ச்சியென்ஜின் வந்தாச்சு' என்று ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் ஒரே வாழ்த்து. 'ஆயிரம் பொன்' என்று அர்த்தமாம். ஆனால் என் தோழியுடைய அக்காவின் பெயர் ஜாவ்தி; 'தம்பியைக் கூப்பிடு' என்று பொருளாம். கூடப்பிறந்தது அந்த அக்கா மட்டும்தான். பெண் குழந்தை என்றால் இவர்களுக்குச் சந்தோஷமா, இல்லையா? அடுத்த வாரம் மாதம் நிறையும் விருந்து. என்ன சொல்லி வாழ்த்துவது?
– ஒரு வாசகி, சிங்கப்பூர்

பதில்: ச்சியென்ஜின் பெரும்பாலும் அடுத்த வீட்டுப் பெண்ணுக்குச் சொல்லும் மரியாதை வார்த்தை. எதிராளியின் பிள்ளையை உயர்த்தி, தன் பிள்ளையைத் தாழ்த்திப் பேசுவது பழைய சீனச் சபை நாகரிகம். தன் மகனை அப்பா 'ச்சுவான்ஸி' என்பார், அதாவது நாய் மகன். நிலமும் வீடும் முன்னோருக்கு ஊதுபத்தி ஏற்றும் உரிமையும் அந்த நாய் மகனுக்குத்தான். ஆயிரம் பொன்னின் பெயர் பல குலப்பதிவேடுகளில் ஏறவே இல்லை. கட்டிக்கொடுத்த பெண்ணைக் 'கொட்டிய தண்ணீர்' என்றார்கள். இன்னொரு வேடிக்கை, ஆயிரம் பொன் என்ற பாராட்டு ஒரு காலத்தில் பையனுக்கும் கிடைத்திருக்கிறது. 5ஆம் நூற்றாண்டில் சியே ஃபெய் என்ற கெட்டிக்காரச் சிறுவனை முதுகில் தட்டி அவன் அப்பா அப்படிச் சொன்னதாகச் சரித்திரக் குறிப்பு உண்டு.

ஆகவே வார்த்தை இனிக்கிறதா என்று பார்த்துப் பிரயோசனமில்லை. வீட்டுக்குள் நடந்ததை 'ஷி ஜிங்' என்ற மிகப் பழைய பாடல் திரட்டு ஒளிக்காமல் சொல்கிறது. ஆண் பிறந்தால் கட்டிலில் கிடத்தி, நல்ல உடை போட்டு, விளையாட ஜேட் கல் கொடுப்பார்கள். பெண் பிறந்தால் தரையில் கிடத்தி, துணியில் சுற்றி, நூல் நூற்கும் கதிரில் மாட்டுகிற சுட்ட மண்வில்லையைக் கொடுப்பார்கள். அவளுக்கான வேண்டுதல், அப்பா அம்மாவுக்குக் கவலை வைக்காமல் இருக்கட்டும் என்பது! இதிலிருந்து வந்த 'நொங் வா' (மண்வில்லையோடு விளையாடுவது) என்ற வாழ்த்து இன்றும் புழங்குகிறது. தயவுசெய்து அதை வாழ்த்து அட்டையில் எழுதிவிடாதீர்கள்.

இனி அக்காவின் பெயர். 1980இல் சீனாவில் வீட்டுக்கு ஒரே குழந்தை என்ற திட்டம் இறுகியது. 1984க்குப் பிறகு பல மாகாணங்களில், முதலில் பெண் பிறந்த கிராமத்துக் குடும்பம் இன்னொன்று பெற்றுக்கொள்ளலாம் என்று தளர்த்தினார்கள். பெண் பிறந்தால் இன்னொரு வாய்ப்பு என்று அரசாங்கமே சட்டத்தில் எழுதிவைத்தது. 2004இல் 100 பெண் குழந்தைகளுக்கு 121 ஆண் குழந்தைகள் பிறந்தன; 2020 கணக்கெடுப்பில் 111. ஜாவ்தி என்று பெயர் வைத்துத் தம்பியைக் கூப்பிட்ட வீட்டில் வந்து பிறந்தவள் யார்? உங்கள் தோழி. அக்கா பெயரை அவள் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கலாம், நீங்களாக அதை எடுக்காதீர்கள். போதும்பொண்ணு என்று பெயர் வைத்த ஊர்க்காரர்கள் நாம், நமக்கும் சிரிக்க வாயில்லை.

நிலைமை அப்படியே நிற்கவுமில்லை. மகளைக் 'குட்டிப் பஞ்சுச் சட்டை' என்று கொஞ்சுகிறார்கள், உடம்போடு ஒட்டிக் குளிர் போக்குகிறவள் என்று. மகன் 'கட்டுமான வங்கி', மகள் 'வணிகர் வங்கி' என்று ஒரு ஜோக்கும் உண்டு. இரண்டும் அங்கே நிஜ வங்கிகளின் பெயர்கள். பையன் கல்யாணத்துக்கு வீடும் வேண்டும், பெண் வீட்டுக்குப் பரிசப் பணமும் வேண்டும். பெற்றவர் பாடு திண்டாட்டம். மகள் பிறந்ததில் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறவர்களும் இருக்கிறார்கள் (பாசத்தில் எத்தனை பங்கு, வீட்டு விலையில் எத்தனை பங்கு என்று பிரிக்க என்னால் முடியாது).

விருந்தில் தாராளமாக 'ச்சியென்ஜின்' சொல்லுங்கள். வெளியாள் வாயில் அதுதான் பொருத்தம். 'அடுத்தது சிங்கக்குட்டி' என்று நம் நாக்கு தானாகப் புரளும், அதை மட்டும் அடக்குங்கள். சிவப்புச் சாயம் ஏற்றிய முட்டை கொடுத்தால் மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். அங்பாவில், அதாவது பணம் வைத்துக் கொடுக்கும் சிவப்பு உறையில், 4 வரும் தொகை வேண்டாம், அந்த ஒலி சாவை நினைவூட்டும். 8 அவர்களுக்கு ராசியான எண்; 88 வெள்ளி (டாலர்) வைத்தால் பாட்டியே உங்களைத் தேடி வந்து பேசுவார்.