மணல் மேல் பள்ளத்திலேயே தங்குவது சரிதான்

வணக்கம் தம்பி. கோபியில் கல்லூரிச் செயல்திட்டத்துக்காகக் கண்ணாடித் தொட்டியில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகப் பள்ளம் வைத்த கடலடிச் சரிவு செய்து சேற்றுநீரை ஊற்றினால், மணல் முழுக்க மேல் பள்ளத்திலேயே நின்றுவிடுகிறது, கீழ்ப் பள்ளத்துக்கு வெறும் கலங்கல்தான் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து மாதிரியைக் கலைத்துவிடாதீர்கள். நடக்க வேண்டியதுதான் நடந்திருக்கிறது.

கலங்கல் ஓட்டத்தில், அதாவது மணலும் சேறும் கலந்த நீர் சரிவின் அடியோடு இறங்கும் ஓட்டத்தில், மணல் அடியில் செறிந்து வரும். நுண்களிமண் மேல்வரை பரவியிருக்கும். பள்ளத்தின் மறுகரை மேட்டில் மோதியதும் அடிப்பகுதி வேகம் இழந்து மணலைக் கொட்டிவிடும், மேற்பகுதி மட்டும் மேட்டைத் தாண்டும். நம் நொய்யல் குளங்களில் மேல்குளம் நிரம்பி வழிந்தால்தானே அடுத்த குளத்துக்குத் தண்ணீர்? அதே கணக்குதான், ஆனால் இங்கே நிரம்ப வேண்டியது மணல். அது மேட்டின் உயரத்தை நெருங்கிய பிறகுதான் ஓட்டம் மேட்டை அறுத்து வாய்க்கால் போட்டு, மணலையும் கீழே இறக்கும். மெக்சிகோ வளைகுடாச் சரிவில், அடியிலுள்ள உப்புப் படிவம் நகர்ந்ததால் உண்டான பள்ளங்கள் பல இப்படி நிரம்பியவை. அங்கே பாரம் ஏற ஏறப் பள்ளத்தின் தரையும் தாழும். உங்கள் தொட்டியில் அது வராது, அறிக்கையில் சொல்லிவிடுங்கள்.

அதனால் ஒரே தடவையோடு நிறுத்தாமல், தொட்டி நீர் நன்றாகத் தெளிந்த பிறகு திரும்பத் திரும்ப ஊற்றுங்கள். மீன்தொட்டிக் கடையில் நைசான வண்ண மணல் கிடைத்தால் ஒவ்வொரு தடவையும் நிறத்தை மாற்றுங்கள், அடுக்குகள் கண்ணாடி வழியே தெரியும். நேரம் போதாது என்றால் நடு மேட்டைக் கொஞ்சம் தாழ்த்திவிடுங்கள்.