ஈறில் ரத்தம் வந்தால் பல் துலக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. பக்கவாதம் வந்து வலது கை, கால் விழுந்துவிட்டது. படுக்கையில்தான் இருக்கிறார். அதற்கப்புறம் இரண்டு முறை நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். "வாயைச் சுத்தம் செய்கிறீர்களா?" என்று அங்கே கேட்டார்கள். ஈறில் ரத்தம் வருவதால் பிரஷ் போடுவதையே விட்டுவிட்டோம். ஈறுக்கும் நுரையீரலுக்கும் சம்பந்தம் உண்டா, டாக்டர்?
- வாசகி, கும்பகோணம்

பதில்: உண்டு. இன்றைக்கே மறுபடி துலக்க ஆரம்பியுங்கள். ஈறோரம் படிந்த அழுக்கில் கிருமி பெருகி, ஈறு வீங்கியதால்தான் ரத்தம் வருகிறது. துலக்காமல் விட்டால் இன்னும் கூடும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அதனாலும் கசியும். அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

நமக்குப் புரையேறினால் இருமித் தள்ளிவிடுவோம். பக்கவாதத்தில் விழுங்கும் தசைகள் தளர்ந்தவர்களுக்கு, தூங்கும்போது எச்சில் சத்தமில்லாமல் மூச்சுக்குழாயில் இறங்கும். ஈறு கெட்ட வாயின் எச்சில் என்றால் கிருமிகளும் கூடவே போகும்.

ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இதை இரண்டு ஆண்டுகள் பார்த்தார்கள். சாப்பிட்டபின் தவறாமல் வாயைச் சுத்தம் செய்துவிட்டவர்களில் 11 சதவீதம் பேருக்கு நிமோனியா வந்தது. மற்றவர்களில் 19 சதவீதம். 2002-இல் வெளியான இந்த ஆய்வை, படுக்கையில் நோயாளி இருக்கும் வீட்டாரிடமெல்லாம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். புது மருந்து எதுவும் இல்லை, முக்கியமாகப் பிரஷ்தான்!

அப்பாவைத் தலையணை வைத்து நன்றாகச் சாய்த்து உட்காரவைத்து, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்புங்கள். மிருதுவான பிரஷைத் தண்ணீரில் நனைத்து, உதறிவிட்டுத் துலக்குங்கள். வாயில் தண்ணீர் ஊற்றிக் கொப்பளிக்கச் சொல்ல வேண்டாம். ஈரத்துணியை விரலில் சுற்றித் துடைத்தெடுங்கள். வலது கன்னத்தின் உட்புறம் கட்டாயம் பாருங்கள். அந்தப் பக்கம் உணர்ச்சி குறைந்திருந்தால், மத்தியானம் ஊட்டிய சோற்றுப் பருக்கை ராத்திரிவரை அங்கேயே அடைந்துகிடக்கும். பல்செட் இருந்தால் இரவில் கழற்றி, தேய்த்துக் கழுவித் தண்ணீரில் போடுங்கள். சாப்பிட்டவுடன் படுக்கவைக்காமல் அரைமணி நேரமாவது உட்காரட்டும்.

ஈறோரம் பல்லில் காரை (கெட்டியாக இறுகிப்போன அழுக்கு) கட்டியிருந்தால் பிரஷுக்குப் போகாது. பல் மருத்துவர்தான் எடுக்க வேண்டும். மாத்திரைச் சீட்டையும் எடுத்துப் போங்கள். தண்ணீர் குடித்தபின் அவர் குரல் கரகரவென்று ஈரமாகக் கேட்டால், நரம்பியல் டாக்டரிடம் சொல்லி விழுங்கும் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.