பழைய ஸ்க்ரூ ஜாக்கி வாங்கலாமா?

கேள்வி: பழைய சாமான் விற்பவரிடம் ஒரு ஸ்க்ரூ ஜாக்கி பார்த்தேன். கம்பியைச் செருகிச் சுற்றினால் உயரும் வகை. புதுப் பெயின்ட் அடித்துப் பளபளவென்று வைத்திருக்கிறார். "இதில் எண்ணெயே கிடையாது, ஹைட்ராலிக் மாதிரி கசிந்து இறங்காது" என்கிறார். என் காருக்கு வாங்கலாமா? அடியில் படுத்து வேலை பார்க்க இதை நம்பலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: கூடாது. பழசோ புதுசோ, எந்த ஜாக்கியையும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். ஜாக்கியால் தூக்கி, எடையைத் தாங்க ஸ்டாண்டு வைத்து, அதன்மேல் வண்டியை இறக்கிய பிறகுதான் தலையை உள்ளே நீட்ட வேண்டும்.

விற்பவர் சொன்னது பாதி உண்மை. எண்ணெய் அழுத்தத்தில் தூக்கும் ஹைட்ராலிக் ஜாக்கியில், எண்ணெயை அடைத்து வைக்கும் சீல் தேய்ந்தால் எண்ணெய் கசிந்து வண்டி இறங்கும். ஸ்க்ரூ ஜாக்கியில் மரையின், அதாவது திருகைச் சுற்றி வெட்டிய புரியின் சரிவு மிகக் குறைவு. மரைக்கும் நட்டுக்கும் நடுவே உள்ள உராய்வே பிடித்துக்கொள்வதால், மேலே எவ்வளவு எடை அழுத்தினாலும் திருகு தானாகத் திரும்பாது. நீங்கள் சுற்றும் உழைப்பில் பாதிக்கு மேல் உராய்வில் போய்விடுவது இதற்குக் கொடுக்கும் விலை. ஆனால் அதே உராய்வுதான் வருடக்கணக்கில் மரையைத் தின்கிறது. சீல் கசிந்தால் பெரும்பாலும் மெல்ல இறங்கும், நமக்கும் தெரிந்துவிடும். மரை அறுந்தாலோ ஒரேயடியாக விழும்.

அதனால் திருகை முழுக்கக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அங்கேயே விட்டுவிடலாம். பழுப்பேறி இறுகிய கிரீஸை மண்ணெண்ணெயில் துடைத்துவிட்டு மரையைப் பாருங்கள். அதன் முகடு தட்டையாக, நல்ல அகலமாக இருக்க வேண்டும். கத்தி விளிம்பு போல மெலிந்திருந்தால் ஆயுள் முடிந்துவிட்டது. திருகு நன்றாக இருந்தாலும் நட்டு தேய்ந்திருக்கலாம். பலவற்றில் நட்டு வெண்கலம், அது எஃகுத் திருகைவிட மென்மையானது, முதலில் தேய்வதும் அதுதான். உள்ளே இருப்பதால் சரியாகக் கண்ணுக்குத் தெரியாது. திருகைப் பாதி உயர்த்தி, சுற்றாமல் மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். லேசான ஆட்டம் இருக்கத்தான் செய்யும். கடகடவென்று ஆடினால் வேண்டாம்.

அடுத்தது அந்தப் பெயின்ட். எனக்கென்னவோ துருவோடு இருக்கும் ஜாக்கி மேல்தான் நம்பிக்கை அதிகம், அது எதையும் மறைக்காது. பழைய ஜாக்கிகளின் உடம்பு பெரும்பாலும் வார்ப்பிரும்பு. அது வளைந்து எச்சரிக்காமல் உடையும். அடித்தட்டும் கழுத்தும் சேரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, மண்ணெண்ணெய் தடவிச் சிறிது நேரம் விடுங்கள். நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் பொடியைத் தூவுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த மண்ணெண்ணெய் ஊறி வந்து, வெள்ளைப் பொடியில் ஈரக்கோடாகத் தெரியும். வார்ப்பிரும்பில் வெல்டிங் வைத்த தழும்பு தெரிந்தால் மேற்கொண்டு பேச்சே வேண்டாம்.

உடம்பில் பொறித்திருக்கும் தாங்குதிறனையும் பாருங்கள். பழைய பிரிட்டிஷ் ஜாக்கிகளில் ஹண்ட்ரட்வெயிட் கணக்கு வரும். ஒன்று 112 பவுண்டு, அதாவது சுமார் 50.8 கிலோ. 30 என்றிருந்தால் ஏறக்குறைய 1,524 கிலோ. எதுவுமே பொறிக்கவில்லை என்றால் ஊகித்து வாங்காதீர்கள். முழுக்க இறக்கிய நிலையில் உயரத்தை அளப்பதும் முக்கியம். காற்றுப் போன டயரோடு வண்டி இன்னும் தாழ்ந்திருக்கும், அப்போதும் ஜாக்கி அடியில் நுழைய வேண்டுமே.

இவற்றின் சின்ன எஃகுத் தலை, ஆக்சிலுக்கோ தனிச் சேஸிஸுக்கோ முட்டுக் கொடுக்க ஏற்றது. இன்றைய கார்களில் கதவுக்குக் கீழே இருப்பது மெல்லிய தகட்டு மடிப்பு. கார் கையேடு காட்டும் இடத்தில், பள்ளம் வெட்டிய கெட்டி ரப்பர் பட்டையை இடையில் வைக்காவிட்டால் தகடு நசுங்கும். பம்பரில் கொக்கி மாட்டித் தூக்கும் பழைய வகை எஃகு பம்பர் காலத்தோடு போயிற்று.

தூக்கும்போது தரை சமமாக இருக்கட்டும். மண் என்றால் அடியில் அகலமான பலகை போடுங்கள். பல கார்களில் ஹேண்ட்பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். கியரில் போட்டு நிறுத்தினாலும், எஞ்சின் ஓட்டும் இரு சக்கரங்களில் ஒன்று தரையை விட்டு எழும்பியதும், இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியல் அதைச் சுழல விட்டுவிடும், கார் உருளும். அதனால் தூக்காத பக்கத்துச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை போடாமல் ஆரம்பிக்கக் கூடாது. சக்கர நட்டுகளை டயர் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்றுத் தளர்த்திவிடுங்கள். உயர உயர, தூக்கும் இடம் வில்லாக நகரும், ஜாக்கி சாயும். ஆகவே சுற்றும்போது கண் டயரில் இருக்க வேண்டாம், ஜாக்கியில் இருக்கட்டும். சாய்வு தெரிந்தால் இறக்கி மறுபடி வையுங்கள்.

வாங்கிய பின் புது கிரீஸ் தடவி, ஒரு மூலையை டயர் லேசாக எழும்பும்வரை மட்டும் தூக்கிப் பத்து நிமிடம் விலகி நின்று பாருங்கள். உயரம் குறையக் கூடாது.

தேய்ந்த நட்டை லேத்தில் புதிதாகக் கடைந்து போடலாம் என்று விற்பவர் சொல்லக்கூடும். திருகு நல்ல நிலையில் இருந்தால் செய்யலாம்தான். சேகரிப்புக்கு அரிய ஜாக்கி என்றால் சரி. டயர் மாற்ற மட்டும் என்றால் அந்தச் செலவுக்குப் புது ஜாக்கியே தேவலை.