கோல்ஃப் ஆடத் தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது, ஸ்கோர் 100க்குக் கீழே இறங்கவே இல்லை. நான் முன்னேறுகிறேனா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஆப் ஏதாவது வாங்க வேண்டுமா?

இந்தக் கேள்விக்கு ஏற்கெனவே வந்திருக்கும் பதில்களில் பாதி "நல்ல கோச்சிடம் போங்கள்", மீதி "என்ஜாய் பண்ணுங்க ப்ரோ, ஸ்கோர் எதுக்கு". இரண்டுமே கேட்டதற்குப் பதில் இல்லை. நீங்கள் கேட்டது அளப்பது எப்படி என்று. அளப்பது என் தொழில் என்பதால் எழுதுகிறேன். கோல்ஃப் புதிது என்பவர்களுக்கு: ஸ்கோர் என்றால் பதினெட்டு ஹோலுக்கு, அதாவது பதினெட்டுக் குழிக்கு, அடித்த மொத்த அடிகள், குறைந்தால்தான் நல்லது. அந்தப் பதினெட்டும் சேர்ந்தது ஒரு ரவுண்டு.

நீங்கள் நாற்பதை ஒட்டிய வயதில் ஆரம்பித்தவர், வாரம் ஒரு ரவுண்டு, அதுவும் ஞாயிறு காலை, வீட்டில் அதற்கே முணுமுணுப்பு என்று வைத்துக்கொள்கிறேன். பதினெட்டு வயதுப் பையன் என்றால் இந்தப் பதிலைத் தாண்டிப் போய்விடுங்கள், உங்களுக்கு வேறு வழிகள் இருக்கின்றன.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கமென்ட்டில் கேட்பார்கள். நான் கோச் இல்லை. சிங்கிள் ஹேண்டிகேப் ஆளும் இல்லை (ஹேண்டிகேப் என்பது ஆட்டத்திறனைக் காட்டும் எண், குறைவாக இருந்தால் நல்லது; சிங்கிள் என்றால் பத்துக்குக் கீழே). கோவையில் சின்னதாக ஒரு ஃபவுண்டரி. ஹேண்டிகேப் 28இல் இருந்து 16க்கு வந்தது. இதில் என்ன பீற்றல் என்று கேட்பவர்கள் ஐம்பது வயதுக்கு மேல், டிஸ்க் விலகிய முதுகோடு, அந்தப் பன்னிரண்டைக் குறைத்துக் காட்டிவிட்டு வரலாம். பணக்காரன் ஆட்டம், தண்ணீர் விரயம் என்று எழுத வருகிறவர்களுக்கு: பாதி உண்மை, மறுக்கவில்லை. அதற்குத் தனிக் கேள்வி போடுங்கள், அங்கே வந்து பேசுகிறேன்.

முதலில் அந்த 100 என்ற எண்ணை விடுங்கள். வெறும் ஸ்கோர் எதையும் சொல்லாது. 2020 முதல் உலகம் முழுக்க ஒரே ஹேண்டிகேப் முறை. ஒவ்வொரு மைதானத்துக்கும் கோர்ஸ் ரேட்டிங் (கைதேர்ந்தவர் அங்கே அடிக்கக்கூடிய ஸ்கோர்) என்று ஒன்று, ஸ்லோப் (சாதாரண ஆட்டக்காரருக்கு அது எவ்வளவு கூடுதல் கடினம்) என்று ஒன்று உண்டு. ஸ்லோப் 55இல் இருந்து 155 வரை போகும், 113தான் நடுநிலை. உங்கள் ஸ்கோரில் இருந்து ரேட்டிங்கைக் கழித்து, 113ஆல் பெருக்கி, ஸ்லோப்பால் வகுத்தால் வருவதுதான் அன்றைய ஆட்டத்தின் உண்மையான எண். உதாரணத்துக்கு ரேட்டிங் 71.2, ஸ்லோப் 125 உள்ள மைதானத்தில் 101 அடித்தால் கணக்கு 26.9 வரும். ரேட்டிங் 67.5, ஸ்லோப் 108 உள்ள சுலபமான மைதானத்தில் 96 அடித்தால் 29.8 வரும். அதாவது 96 அடித்த நாளைவிட 101 அடித்த நாள்தான் நீங்கள் நன்றாக ஆடிய நாள். இது தெரியாமல் 96க்கு ட்ரீட் வைத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இப்படி வரும் எண்களில் கடைசி இருபதை எடுத்து, அதில் சிறந்த எட்டின் சராசரிதான் உங்கள் ஹேண்டிகேப் இண்டெக்ஸ். எட்டுதான், இருபதும் இல்லை. ஆக அது உங்கள் சராசரி ஆட்டம் இல்லை, உங்கள் நல்ல நாட்களின் ஆட்டம். ஹேண்டிகேப்புக்குச் சரியாக ஆடும் நாள் ஐந்து ரவுண்டில் ஒன்று வந்தாலே சரியான கணக்கு. மற்ற நாலு நாளும் "என்னடா இது, பின்னாடி போறேனே" என்று தோன்றத்தான் செய்யும். நீங்கள் அந்த நாலு நாளை வைத்துத்தான் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, ஒரு ஹோலில் பத்து பன்னிரண்டு என்று போனால் முழுசாகக் கணக்கில் ஏறாது. பார் என்பது அந்த ஹோலுக்கு வைத்திருக்கும் அடி எண்ணிக்கை. அதற்கு மேல் இரண்டு, அதோடு அந்த ஹோலில் உங்கள் ஹேண்டிகேப்புக்காகக் கிடைக்கும் சலுகை ஷாட், அதுதான் உச்சவரம்பு. பார் 4, உங்களுக்கு ஒரு ஷாட் சலுகை என்றால் 7க்கு மேல் ஹேண்டிகேப் கணக்குக்குப் போகாது. ஒரே ஒரு பாழாய்ப்போன ஹோலுக்காக ரவுண்டு முழுவதையும் தலைமுழுக வேண்டாம்.

காற்றையும் பாருங்கள். எங்கள் பக்கம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி ஆடியில் வரும் காற்றில் அடித்த ஸ்கோரை மார்கழி ஸ்கோரோடு வைத்துப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை. ஆடியை ஆடியோடு பாருங்கள். அன்றைக்கு ஆடியவர்கள் எல்லோருமே தடுமாறியிருந்தால், அல்லது எல்லோருமே வழக்கத்தைவிட நன்றாக ஆடியிருந்தால், அதற்கும் கணக்கில் -1 முதல் +3 வரை சரிக்கட்ட இடம் வைத்திருக்கிறார்கள். ஆனால் அதற்கு அன்றைக்குப் போதுமான பேர் ஸ்கோர் கார்டைக் கிளப்பில் சேர்த்திருக்க வேண்டும். ஊட்டிக்குப் போய் ஆடுகிறவர்கள் 7000 அடிக்கு மேல் காற்று லேசு, பந்து கூடுதலாகப் பறக்கும் என்பதை மறந்துவிட்டு, கீழே இறங்கியதும் "என் செவன் அயர்ன் (ஏழாம் நம்பர் மட்டை) 160 யார்டு" என்று ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

இவ்வளவும் முன்னேறுகிறோமா என்று தெரிந்துகொள்ள. எங்கே முன்னேற வேண்டும் என்பதை ஹேண்டிகேப் சொல்லாது. என் கதை அங்கேதான் தொடங்குகிறது.

கொரோனா ஊரடங்கு முடிந்து மைதானம் திறந்த சமயம். கிளப்பில் இருந்த பயிற்சியாளர் எல்லோருக்கும் சொல்வதையே எனக்கும் சொன்னார்: பட்டிங் பாருங்க சார், ஸ்கோர் தானா இறங்கும். பட்டிங் என்றால் க்ரீனில், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்லில், பந்தைக் குழிக்கு உருட்டுவது; ஓர் உருட்டு ஒரு பட். என் சகலையும் ஆடுவார். அவர் வழி வேறு, வருடத்துக்கு ஒரு டிரைவர் (ரொம்ப தூரம் அடிக்கும் பெரிய மட்டை) மாற்றுவார். மட்டை ஒவ்வொன்றின் பிடியிலும் சென்சார் மாட்டி, போனில் கலர் கலராகப் படம் வரும்.

நான் சட்டைப் பையில் அடங்கும் ஒரு நோட்டு வைத்துக்கொண்டேன். ஃபவுண்டரியில் ரிஜெக்ஷன் ஆன காஸ்டிங்கை ஓரமாகத் தூக்கிப் போட்டுவிட்டு "இந்த மாதம் இத்தனை போச்சு" என்று மட்டும் எழுதினால் அடுத்த மாதமும் அத்தனை போகும். ப்ளோ ஹோலா, மண் விழுந்ததா, கோர் நகர்ந்ததா என்று பிரித்து எழுதினால்தான் யாரை, எந்த மெஷினைப் பார்க்க வேண்டும் என்று தெரியும். அதே மாதிரி, தவறிய ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு குறி. பெனால்டி, அதாவது அபராத ஷாட், என்றால் பெ. பந்தின் மேல் பகுதியில் பட்டு, டாப் ஆகி ஐம்பது யார்டு உருண்டது என்றால் வீ, அதாவது வீண். க்ரீனுக்கு அடித்தது எந்தப் பக்கம் தவறியது என்று ஒரு அம்புக்குறி. முதல் பட் எத்தனை காலடி தூரம். இவ்வளவுதான், ஒரு ஹோலுக்குப் பத்து விநாடி ஆகாது.

"ஏனுங்ணா, நோட்டுல எழுதுனா பால் தூரமாப் போயிருமாக்கு?" என்று சகலை கேட்டார். எல்லோர் முன்னாலும்.

சில மாதம் கழித்துப் பார்த்தால் அம்புக்குறிகள் கிட்டத்தட்ட எல்லாமே கீழே பார்த்திருந்தன. க்ரீனுக்கு முன்னாலேயே விழுகிறது. இடம் வலம் என்று சிதறவில்லை, தூரம் போதவில்லை. மட்டைப் பையைத் தூக்கி வரும் என் கேடி ஆரம்பத்தில் இருந்து "சார், ஏழு வேண்டாம், ஆறு எடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்தான். மட்டையின் எண் குறையக் குறைய பந்து தூரமாகப் போகும். நோட்டும் அதையேதான் சொன்னது. எங்களைப் போன்றவர்கள் என்றோ ஒரு நாள் நடு மட்டையில் பட்டு 150 போனதை நம் தூரம் என்று வைத்துக்கொள்கிறோம். பத்தில் ஏழு தடவை எவ்வளவு போகிறதோ அதுதான் தூரம்.

அடுத்தது பெனால்டி. அது மைதானம் முழுக்கப் பரவியிருக்கவில்லை, மூன்று நாலு ஹோல்களில் குவிந்திருந்தது. அங்கெல்லாம் டிரைவரைப் பையிலேயே விட்டுவிட்டு அதைவிடத் தூரம் குறைவான ஹைபிரிட் மட்டையில் அடிக்க ஆரம்பித்தேன். பந்து தொலைந்தால் ஒரு ஷாட் அபராதம் மட்டுமா? அடித்த இடத்துக்கே திரும்பி வந்து அடிக்க வேண்டும், தூரமும் போச்சு. தேடவும் 2019இல் இருந்து மூன்று நிமிடம்தான், முன்பிருந்த ஐந்து இல்லை. என் டீ ஷாட், அதாவது ஹோலின் முதல் அடி, முப்பது யார்டு குறைந்ததைச் சகலை கேலி செய்தார். கார்டில் முப்பது யார்டுக்குக் கட்டம் இல்லை.

பட்டிங்குக்கு வருகிறேன், சண்டையே இதில்தான். அம்புக்குறிகள் மேலே நகர, ஸ்கோர் இறங்கத் தொடங்கியது. அதே சமயம் ரவுண்டுக்கு நான் போடும் பட் எண்ணிக்கை ஏறியது! சகலை ஆப்பைத் திறந்து காட்டி, "பாருங்க, உங்க பட்டிங் கெட்டுப்போச்சு" என்றார். பயிற்சியாளரும் தலையாட்டினார். நான் நோட்டைத் திறந்தேன். முன்பெல்லாம் க்ரீனுக்கு வெளியே விழும், அங்கிருந்து சிப் (சின்னத் தூக்கு ஷாட்) அடித்துக் குழியில் நட்ட கொடிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து ஒரு பட்டில் முடிப்பேன். இப்போது பந்து நேராக க்ரீனில் ஏறுகிறது, ஆனால் கொடிக்கு நாற்பது அடி தள்ளி. அங்கிருந்து இரண்டு பட் என்பது நல்ல ஆட்டம். ஆக பட் எண்ணிக்கை ஏறியதற்குக் காரணமே மற்ற ஆட்டம் தேறியதுதான். முதல் பட்டின் தூரத்தை எழுதாமல் பட்டை மட்டும் எண்ணினால் முன்னேற்றம் சறுக்கலாகத் தெரியும். சகலைக்கு இன்றைக்கும் இது புரிந்ததா தெரியாது. அன்று பில் கட்டியது அவர்தான்.

இதை நானாகச் சொன்னால் நம்ப மாட்டார்கள் என்பதால்: கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மார்க் பிராடி என்று ஒரு பேராசிரியர் இருக்கிறார். பிஜிஏ டூர் (அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடர்) ஒவ்வொரு ஷாட்டையும் அளந்து வைத்திருக்கும் தரவுகளை வைத்து, எந்த ஷாட் எவ்வளவு மிச்சம் செய்தது என்று கணக்குப் போட்டவர். அவர் முறையை 2011இல் டூரே பட்டிங்குக்கு எடுத்துக்கொண்டது. முன்னணி ஆட்டக்காரர்கள் மற்றவர்களைவிட மேலே நிற்பதில் க்ரீனுக்கு அடிக்கும் ஷாட்டின் பங்கு சுமார் 40 சதவீதம், டீ ஷாட் 28, க்ரீனைச் சுற்றிய சின்ன ஷாட்கள் 17, பட்டிங் 15தான். 80 அடிப்பவருக்கும் 90 அடிப்பவருக்கும் உள்ள வித்தியாசத்திலும் மூன்றில் இரண்டு பங்கு நூறு யார்டுக்கு அப்பால் இருந்து அடிக்கும் ஷாட்களில்தான் என்கிறார். பட்டிங் பழகவே வேண்டாம் என்று நான் சொன்னதாகத் திரிக்காதீர்கள். எட்டு அடி பட் தவறியதற்காக பட்டர் மட்டையைத் தூக்கிப் போடாதீர்கள் என்கிறேன். டிவியில் வருகிற அந்த ஆட்டக்காரர்களே எட்டு அடியில் இருந்து இரண்டுக்கு ஒன்றுதான் போடுகிறார்கள்.

நடுவில் கிளப் பற்றி ஒன்று ஞாபகம் வருகிறது, சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் ஆட ஆரம்பித்த புதிதில் வெளியூர் கிளப் ஒன்றில் போட்டி. பெயர் வேண்டாம். ஏதோ ஒரு பிரிவில் எனக்குப் பரிசு, ஹாட் பாக்ஸ்தான், ஆனாலும் பரிசு. அப்பா பார்க்க வந்திருந்தார், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. ஹால் வாசலில் "டிரெஸ் கோட் சார்" என்று நிறுத்திவிட்டார்கள். "நீ போய் வாங்கிட்டு வா, நான் கார்ல இருக்கறன்" என்றார் அப்பா. உள்ளே முழங்கால் தெரியும் டிரவுசரில் எத்தனை பேர்! பிறகு 2014இல் சென்னை கிளப் ஒன்றில் உயர்நீதிமன்ற நீதிபதியையே வேட்டிக்காக நிறுத்திய பிறகுதான் சட்டமன்றம் கூடி அதற்கென ஒரு சட்டம் போட்டது. நீதிபதியைத் தடுத்தால்தான் சட்டம் வரும். கோல்ஃபுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்பவர்கள் இந்தப் பத்தியை விட்டுவிட்டுப் படியுங்கள்.

கணக்குக்கு வருவோம். கணக்கு சரியாக இருக்க வேண்டுமென்றால் கார்டு சரியாக இருக்க வேண்டும். "எடுத்துக்கங்க, கிம்மிதான்" என்று ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நாலடி தூரப் பட்களை எல்லாம் அடிக்காமலே போட்டதாகத் தானம் செய்யும். முதல் ஹோலின் டீயில், அதாவது தொடக்க இடத்தில், முதல் அடி சரியில்லை என்றால் இரண்டாவது பந்து இலவசம். இப்படி அடித்த 98 உங்கள் 98 இல்லை. இன்னொரு கோஷ்டி இதற்கு நேர் எதிர், நன்றாக ஆடிய கார்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு மோசமானதை மட்டும் சேர்த்து, ஹேண்டிகேப்பை ஊதி வைத்து, மந்த்லி மெடல் போட்டியில் பரிசு மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு போவார்கள். எல்லா கிளப்பிலும் இருக்கிறார்கள், பெயரும் எல்லோருக்கும் தெரியும்.

ஆப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஹேண்டிகேப்புக்கு உங்கள் கிளப் வழியாகப் பதிவு செய்துகொண்டால் கணக்கை அவர்களே போடுவார்கள், அதற்காக எதுவும் வாங்க வேண்டாம். தொடங்க 54 ஹோலுக்கான, அதாவது மூன்று ரவுண்டுக்கான, கார்டு போதும். ஷாட் எங்கே போகிறது என்பதற்கு முதலில் நோட்டு. அதில் நாலு மாதம் விடாமல் எழுதினீர்கள் என்றால் அப்புறம் சென்சார், ஆப் எது வேண்டுமானாலும் வாங்குங்கள், பார்க்கத் தெரியும். விலை விசாரிக்க வேண்டுமென்றால் சகலை நம்பர் தருகிறேன், போன வருடத்து செட்டை விற்கிறார்.