குழாய் திறந்திருக்கிறது, உட்சுவர் பலவீனமா?

கேள்வி: எனக்கு 31 வயது. ஒன்றரை ஆண்டுகளாகக் குழந்தைக்காகக் காத்திருக்கிறோம். சாயம் செலுத்தி எடுத்த எக்ஸ்ரேயில் இரண்டு கருக்குழாய்களும் திறந்திருப்பதாகச் சொன்னார்கள். ஆனால் ஒரு சிகிச்சை மையத்துக்கு ஆள் சேர்த்துவிடும் ஒருவர், "குழாயின் உட்சுவர் பலவீனமாக இருந்தால் விந்தணு ஒட்டாது. அதற்குத் தனிப் பரிசோதனையும், சுவரைப் பலப்படுத்தும் சிகிச்சையும் உண்டு" என்கிறார். முன்பணம் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். விந்தணு உங்கள் குழாய்ச் சுவரில் ஒட்டுகிறதா என்று அளந்து சொல்லும் பரிசோதனை மருத்துவ நடைமுறையில் கிடையாது. அளக்கவே வழியில்லாத ஒன்றைப் பலப்படுத்தித் தருகிறேன் என்பவரிடம் காசைக் கொடுத்துவிட்டு, பலன் கிடைத்ததா என்று எதை வைத்துக் கேட்பீர்கள்?

அவர் பேச்சில் ஒரு துளி உண்மை இருக்கிறது; அதனால்தான் அது எடுபடுகிறது. கருக்குழாய் சுமார் 10 முதல் 12 செ.மீ. நீளம். உள்ளே மடிப்பு மடிப்பாக மெல்லிய படலம். அதில் சில செல்கள் திரவம் சுரக்கும். மற்றவற்றின் மேல் நுண்மயிர்கள் கருப்பைப் பக்கமாக ஓயாமல் அசைந்துகொண்டிருக்கும். கோடிக்கணக்கில் புறப்படும் விந்தணுக்களில் சில நூறோ சில ஆயிரமோதான் இங்கு வந்து சேர்கின்றன. அறுவை சிகிச்சையில் அகற்றிய குழாய்த் திசுவோடு விந்தணுக்களைச் சேர்த்து நுண்ணோக்கியில் பார்த்தால், தலை படலத்தில் பதிந்திருக்க, வால் மட்டும் துடிப்பது தெரியும். படலத்தைத் தொட்டிருப்பவை, தனித்து நீந்துபவற்றைவிட நீண்ட நேரம் தெம்போடு இருக்கின்றன. பிறகு வாலை வேகமாக வீசி, பிடியை விட்டு நகர்கின்றன. மாடு, பன்றி போன்றவற்றில் இந்தப் பிடி இறுக்கமானது. மனிதரில் அது தளர்வானது. தொடுவதும் விலகுவதுமாக இருக்கும். இவ்வளவும் ஆய்வகத்தில் கண்டது. இதை எடுத்து விலைப்பட்டியலில் சேர்ப்பது மோசடி.

உங்களுக்குப் பயன்படும் செய்தி வேறு. உடலுக்குள் விந்தணு 5 நாட்கள் வரை தாக்குப்பிடிக்கும். கருமுட்டையோ வெளிவந்த பின் 12 முதல் 24 மணி நேரம்தான். ஆகவே முட்டை வருமுன் விந்தணு குழாயில் காத்திருக்க வேண்டும். முட்டை வெளியாகும் நாளும் அதற்கு முந்தைய 5 நாட்களுமே கருத்தரிக்க ஏற்றவை. அந்த நாட்களில் தினமுமோ ஒன்றுவிட்டு ஒரு நாளோ சேர்ந்திருந்தால் போதும். விந்தைச் சேமித்து வைக்கிறோம் என்று வாரக்கணக்கில் விலகியிருக்க வேண்டாம். உள்ளுறுப்பைச் சுத்தம் செய்கிறேன் என்று திரவம் விட்டுக் கழுவவும் வேண்டாம்.

குழாய் திறந்திருக்கிறது என்பதால் படலம் பழுதில்லாமல் இருக்கிறது என்று பொருளல்ல. பாலுறவால் பரவும் கிளமிடியா போன்ற தொற்று, அறிகுறி எதுவும் காட்டாமலே நுண்மயிர்களை அழித்துவிடக்கூடும். புகைபிடிப்பதும் அவற்றின் அசைவைக் கெடுக்கும். பழைய தொற்றோ அடிவயிற்று அறுவை சிகிச்சையோ இருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இழந்த நுண்மயிர்களை முளைக்க வைக்கும் மருந்து இல்லை.

ஒரு நிலையை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். குழாயின் சினைப்பைப் பக்க முனை மூடி, உள்ளே நீர் கோத்து வீங்கிவிடுவதுண்டு. இந்த நீர் கருப்பைக்குள் கசிந்து, கரு ஒட்டுவதைக் கெடுக்கும். முட்டையையும் விந்தணுவையும் ஆய்வகத்தில் சேர்த்துக் கருவாக்கும் ஐ.வி.எஃப். செய்தாலும் வெற்றி வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகிவிடும் என்பதால், முதலில் அந்தக் குழாயை அகற்றுவதோ அடைத்துவிடுவதோ வழக்கம். அதனால் உங்கள் அறிக்கையை எடுத்து மறுபடி படியுங்கள். "குழாய் சாயத்தால் நிரம்பியது" என்று மட்டும் இருந்தால் போதாது. நீர் கோத்த குழாயும் நிரம்பத்தான் செய்யும். இரு பக்கமும் சாயம் வயிற்றறைக்குள் வழிந்தது என்று எழுதியிருக்க வேண்டும். எழுதியிராவிட்டால் படத்தையே கையில் எடுத்துச் சென்று மகப்பேறு மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள்.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் கணவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. பெண்ணைப் படுக்க வைத்து, வலிக்க வலிக்கச் சாயம் ஏற்றி எக்ஸ்ரே எடுத்துவிடுகிறார்கள். ஒரு சிறு கிண்ணத்தில் முடிந்துபோகும் விந்துப் பரிசோதனையை மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். விந்தணுவின் எண்ணிக்கையும் ஓட்டமும் தெரியாமல் குழாயைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. 35 வயதுக்குக் கீழ் ஓராண்டு முயன்றும் கருத்தரிக்காவிட்டால் இருவரையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும் என்பதே விதி. உங்களுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது. முன்பணத்தோடு அந்தத் தரகரிடம் போக வேண்டாம். கணவரை இந்த வாரமே பரிசோதனைக்கு அனுப்புங்கள்.