அலையோசை கேட்கும் மனை: முன்பணம் கொடுக்கும் முன்

கேள்வி: பணி ஓய்வுக்குப் பிறகு கடலோரம் அமைதியாக வாழ வேண்டும் என்பது என் மனைவியின் நெடுநாள் ஆசை. சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கானத்தூர் ரெட்டிகுப்பம் பகுதியில் 2 கிரவுண்ட் காலிமனை விலைக்கு வந்திருக்கிறது. உரிமையாளர் வெளிநாட்டில் வசிப்பதால் அவருடைய பவர் ஏஜென்ட்தான் பேசுகிறார். பட்டாவும் வில்லங்கச் சான்றும் சரியாக இருப்பதாக வழக்கறிஞர் சொல்லிவிட்டார். மனையிலிருந்து அலை வரை சுமார் 170 மீட்டர் இருக்கும். கடலோர விதிகளைப் பற்றிக் கேட்டால், “இரண்டு பக்கமும் பங்களா கட்டியிருக்கிறார்களே” என்கிறார் புரோக்கர். 5 லட்சம் ரூபாய் முன்பணம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
— வாசகர், திருச்சி

பதில்: இப்போது கொடுக்க வேண்டாம். உங்கள் வழக்கறிஞர் பார்த்தது மனை யாருடையது என்பதை மட்டுமே. அந்த மனையில் வீடு கட்ட முடியுமா என்பது வேறு கேள்வி. அதற்கான விடை பட்டாவிலும் இருக்காது, வில்லங்கச் சான்றிலும் இருக்காது. வங்கிக் கடனுக்கு விண்ணப்பித்தால் ஆவணங்களை அவர்களே அலசிவிடுவார்கள் என்று பலர் நம்புகிறார்கள். வங்கி வழக்கறிஞரும் பெரும்பாலும் உரிமைத் தொடர்ச்சியைப் பார்ப்பதோடு நின்றுவிடுகிறார்.

1991-இல் முதன்முதலாக வெளியாகி, 2011-இலும் 2019-இலும் புதிதாக அறிவிக்கப்பட்ட கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள், சி.ஆர்.இசட். என்று பரவலாக அழைக்கப்படுபவை, கடல் ஓதம் ஏறும்போது நீர் எட்டும் உயர் ஓதக் கோட்டிலிருந்து தூரத்தை அளக்கின்றன. நீங்கள் கால் நனைத்து நின்று பார்த்த அலையின் விளிம்பு அந்தக் கோடு அல்ல. ஊரகக் கடற்கரைகளில் இந்தக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை புதிய வீடு கட்டக் கூடாது என்பது 2011 விதி. ஏற்கெனவே அனுமதி பெற்று நிற்கும் கட்டடத்தை, அதன் பரப்பளவு மீறாமல் பழுதுபார்க்கவோ திரும்பக் கட்டவோ மட்டுமே இடமுண்டு. உங்கள் மனை காலிமனை என்பதால் அந்த வாய்ப்பும் உங்களுக்கு இல்லை. 200 முதல் 500 மீட்டர் வரையிலும் கட்டுப்பாடுகள் உண்டு: அங்கே வீடு கட்டும் அனுமதி, அடிப்படையில் மீனவக் குப்பங்களைப் போன்ற பழைய ஊர்களின் மரபுரிமையைக் கருதித் தரப்பட்டது, உயரம் 9 மீட்டரையும் இரண்டு தளங்களையும் தாண்டக் கூடாது.

“2019 விதி அந்த 200 மீட்டர் தடையை 50 மீட்டராகக் குறைத்துவிட்டது” என்று உங்களிடம் யாரேனும் சொல்லக்கூடும். 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊரகப் பகுதிகளுக்கே அந்தச் சலுகை உண்டு. அதுவும் அந்த விதிப்படி தயாரித்து ஒப்புதல் பெற்ற கடலோர மண்டல மேலாண்மை வரைபடத்தின் அடிப்படையில்தான் செல்லும். ஆகவே உங்களுக்குத் தேவைப்படுவது ஒரே ஒரு காகிதம்: உங்கள் சர்வே எண்ணை உயர் ஓதக் கோட்டோடு பொருத்திக் காட்டும், 1:4000 அளவிலான வரைபடம். அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம் போன்ற அங்கீகாரம் பெற்ற அமைப்புகள் இதைக் கட்டணம் பெற்றுக்கொண்டு தயாரித்துத் தருகின்றன. விற்பவரே அதை வாங்கித் தரட்டும் என்று கேளுங்கள். மனையில் குறையில்லை என்றால் அவர் தயங்குவதற்குக் காரணம் ஏதுமில்லை.

பக்கத்து பங்களாக்கள் உங்களுக்குச் சாட்சி ஆகா. அவை 1991-க்கு முந்தையவையாக இருக்கலாம். அல்லது விதியை மீறிக் கட்டப்பட்டு, இன்னும் எவரும் புகார் செய்யாதவையாக இருக்கலாம். கொச்சிக்கு அருகே மரடில் காயலோரம் நின்ற அடுக்குமாடிகளும் 2006-இல் ஊராட்சியின் அனுமதி பெற்றவைதாம். கேரளக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தின் ஒப்புதல் இல்லாத அந்தக் கட்டடங்களை இடிக்குமாறு உச்ச நீதிமன்றம் 2019 மே 8 அன்று ஆணையிட்டது. 2020 ஜனவரி 11, 12 ஆகிய நாள்களில் நான்கு குடியிருப்பு வளாகங்கள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. வாங்கியவர்களுக்கு இடைக்கால இழப்பீடாகத் தலா 25 லட்சம் ரூபாய் என்றது நீதிமன்றம். வாழ்நாள் சேமிப்பைப் போட்டவர்களுக்கு அது எம்மாத்திரம்?

பவர் ஏஜென்ட் விஷயத்திலும் எச்சரிக்கையாக இருங்கள். அதிகாரம் கொடுத்தவர் இறந்துவிட்டால் சாதாரணப் பொது அதிகாரப் பத்திரம் அன்றோடு செல்லாமல் போகும். உரிமையாளருடன் காணொலியில் நீங்களே பேசுங்கள். அவர் உயிருடன் இருப்பதற்கான சான்றையும் கேளுங்கள். அவர் வருமான வரிச் சட்டப்படி வெளிநாட்டில் வசிப்பவர் என்றால், 50 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட விற்பனைகளில் வழக்கமாகப் பிடிக்கும் 1 சதவீத வரி இங்கே பொருந்தாது; அதைவிடப் பல மடங்கு பிடித்துக் கட்ட வேண்டும். தவறினால் வருமான வரித் துறை கேட்கப்போவது வாங்கிய உங்களைத்தான். நிலத்தின் எல்லைகளைக் காட்டும் புலப்பட (எஃப்.எம்.பி.) நகலை எடுத்து, மனைக்குப் போகும் பாதை கடற்கரைப் புறம்போக்கின் மீதோ, குப்பத்து மக்கள் வலை உலர்த்தும் பொது நிலத்தின் மீதோ செல்கிறதா என்றும் பாருங்கள். அந்த நிலம் அவர்களுடைய பிழைப்பு. அதை மறித்து வழி உண்டாக்கிக்கொள்ளும் எண்ணத்தோடு யாரும் அங்கே குடிபோகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: பாலவாக்கத்தில் கடலிலிருந்து இரண்டாவது தெருவில் 1990-களில் கட்டிய வீடு ஒன்றைப் பார்த்தோம். புது வர்ணம் பூசியிருக்கிறார்கள். எதைக் கவனிக்க வேண்டும்?
— வாசகி, வேலூர்

பதில்: வர்ணத்தைப் பார்க்காதீர்கள், சன்ஷேடின் அடிப்பக்கத்தையும் மொட்டை மாடித் தளத்தின் அடியையும் பாருங்கள். உப்புக் காற்றிலுள்ள குளோரைடு கான்கிரீட்டுக்குள் ஊறிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு, கம்பியைவிட அதிக இடம் கேட்பதால் கான்கிரீட் பிளந்து உதிர்கிறது. கடலோரக் கட்டடங்களில் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடல் வேண்டும் என்கிறது இந்தியத் தரம் ஐ.எஸ். 456, பழைய வீடுகளில் அதில் பாதி இருந்தாலே பெரிது. கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை அழைத்துச் சென்று தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பொக்கையாக ஒலித்தால், பழுதுபார்க்கும் செலவை மதிப்பிட்டு வாங்கிய பிறகே விலை பேசுங்கள்.

கிணற்று நீரை மே மாதத்தில் சோதிப்பது நல்லது. மழை முடிந்த கையோடு எடுத்த மாதிரி மணலின் மேல் மிதக்கும் நன்னீரையே காட்டும். கோடையில்தான் கடல்நீர் எவ்வளவு உள்ளே ஏறுகிறது என்பது தெரியும். கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை குடிக்க ஏற்றது. வேறு வழியில்லாத இடங்களில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். வெள்ளத்துக்குக் கடலை மட்டும் பார்க்காதீர்கள். இந்தக் கரை முழுவதும் மேற்கே பக்கிங்காம் கால்வாய் ஓடுகிறது. பெருமழையில் தண்ணீர் அந்தப் பக்கத்திலிருந்தும் வரும்.

கேள்வி: தனிநபர் ஒருவரிடம் கடலோர மனைக்கு 3 லட்சம் ரூபாய் முன்பணம் கொடுத்தேன். கட்டத் தடையுள்ள இடம் என்று பிறகு தெரிந்தது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?
— வாசகர், சேலம்

பதில்: லேஅவுட் போட்டு, சாலை, வடிகால் அமைத்துத் தருவதாகச் சொல்லி விற்ற நிறுவனமாக இருந்தால் போகலாம், வீடு, மனைத் திட்டங்களை ஒழுங்குபடுத்தும் ரெரா ஆணையத்துக்கும் போகலாம். தனிநபர் தம் மனையை அப்படியே விற்பது “சேவை” ஆகாது என்பது உச்ச நீதிமன்றத்தின் நிலைப்பாடு. ஆகவே உங்களுக்கு உரிமையியல் நீதிமன்றமே வழி. தமக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரணக் கவனத்தால் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு. அவருக்கு அது தெரிந்திருந்தது என்பதற்கு வாட்ஸ்அப் உரையாடலோ, முன்பு நிராகரிக்கப்பட்ட கட்டட விண்ணப்பமோ கிடைத்தால் உங்கள் வழக்கு வலுப்பெறும். மூன்று ஆண்டுக் காலவரம்பு ஓடிக்கொண்டிருப்பதால், இந்த மாதமே பதிவு அஞ்சலில் வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பிவிடுங்கள்.